ஆள் உயரக் கோடு

“என் கணக்கு சரி, டீச்சர். பிறகு ஏன் குண்டு தப்பிச்சு?”

வந்து உட்கார்ந்ததும் தாணுலிங்கம் கேட்டது இதைத்தான். கொடுத்த தண்ணீரைக்கூட அவர் தொடவில்லை.

டெய்சி டீச்சர் நிமிரவில்லை. பழைய எக்ஸ்ரே தகடு ஒன்றை அளவு வைத்துக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். யாருடைய விலா எலும்போ நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரிந்தது.

“எந்தக் குண்டு, அண்ணாச்சி?”

“இருபத்திரெண்டு வருஷத்துக்கு முந்தி சுட்டது.”

“இத்தனை நாள் கழிச்சா கேக்க வாறது!” என்றார், பக்கத்தில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த பல் டாக்டர் சுயம்பு. “சொத்தைப் பல்லுன்னா இதுக்குள்ள தானா விழுந்திருக்கும்.”

தாணுலிங்கம் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை. தனியாகச் சிரிப்பது சங்கடமாகிவிட, சுயம்பு மறுபடியும் குழாயைத் துடைக்கக் குனிந்தார்.

அந்த இடம் இரண்டு மலைகளுக்கு நடுவே கிடந்தது. கல் வெட்டி எடுத்து முடித்து, இனி எடுக்க ஒன்றுமில்லை என்று விட்டுப்போன பொட்டல். மேற்கே கணவாய். திறந்த வாசலில் நுழைவது போலக் காற்று அதன் வழியே நுழையும். சுற்றிலும் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அவை நிற்கும். அப்போது அந்த வட்டாரமே எதையோ மறந்துவிட்டு யோசிப்பது போலிருக்கும்.

டீச்சருக்கு நாற்பது வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். சனி, ஞாயிறு இந்தப் பொட்டலில், தொலைதூரம் சுடப் பழகுகிறவர்களுக்குப் பாடம். இன்று கேள்வி கேட்டு வந்தவருக்கு ஐம்பத்தெட்டு. ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் ஒரு முடிகூடக் கறுப்பில்லை.

டீச்சரிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பேட்டரியில் ஓடும் கருவி எதுவும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தூரம் காட்டும் கருவி, காற்றளக்கும் கருவி, செல்போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

உள்ளே சறுக்கட்டை மட்டும்தான்.

பழைய எக்ஸ்ரே தகட்டில் வெட்டிச் செய்வது. உறைபோல ஓர் அட்டை. அதற்குள் நுழைந்து முன்னும் பின்னும் ஓடும் இன்னோர் அட்டை. இரண்டிலும் பொடிப் பொடியாக எண்கள். துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் மெல்லிய நூல்போல ஒரு கோடு தெரியும். அதில் சம இடைவெளியில் புள்ளிகள் இருக்கும். தொலைவில் நிற்பது எத்தனை புள்ளி உயரம் என்று எண்ண வேண்டும். உண்மையில் அது எத்தனை அடி உயரம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அட்டை சொல்லிவிடும். திருப்பிப் பார்த்தால், அந்தத் தூரத்துக்குத் தொலைநோக்கியின் திருகை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்பதும் இருக்கும்.

அவ்வளவுதான் அந்தக் கருவி. மழையில் நனையலாம். கீழே விழலாம். பொய் சொல்லாது என்று அதைப் பழகியவர்கள் சொல்வார்கள்.

“எழுதி வச்சிருக்கேன்,” என்று தாணுலிங்கம் ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்தார். மூலைகள் மழுங்கிப்போன நோட்டு. “வேணும்னா நீங்களே போட்டுப் பாருங்க.”

“நீங்க சொல்லுங்க. கேக்கேன்.”

அவர் பேசிப் பழக்கமில்லாதவர். துண்டு துண்டாகத்தான் வந்தது.

“வடக்க ஒரு மலைக்காவல். கீழ ஓடை. பொழுது மங்கின பிறகு ஓடையைத் தாண்டுகது யாரானாலும் சுடணும்னு உத்தரவு. நான் சுடுகவன். மரியதாஸ் கணக்குப் போடுகவன். குளச்சல்காரன். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருப்போம்.”

“ம்.”

“அன்னைக்கு ஒருத்தன் வந்தான். தலையோட சேத்துக் கம்பளி போத்தியிருந்தான். நான் எண்ணினேன். ரெண்டு புள்ளி. மரியதாஸ் அட்டையைத் தள்ளிட்டு எண்ணூத்தி நாப்பது மீட்டர்னான். சொடுக்கு வச்சேன். நெஞ்சைப் பாத்துச் சுட்டேன்.”

“விழல.”

“விழல. போயிட்டான்.”

தாணுலிங்கம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மூணாம் நாள் அதே ஓடைக்கரையில இருந்து ஒருத்தன் சுட்டான். மரியதாஸுக்கு இங்க.” தாணுலிங்கம் தன் கழுத்தைத் தொட்டார். “நான் தப்ப விட்டவன்தான் திரும்பி வந்திருக்கான்.”

டாக்டர் சுயம்பு துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

“இத்தனை வருஷமும் காத்துதான் காரணம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஓடைப் பள்ளத்துல மேல் நோக்கி ஒரு காத்து இருந்திருக்கும், அது குண்டைத் தள்ளியிருக்கும்னு. நம்ம பக்கத்துல காத்துன்னா உங்க கணவாய்தான். இங்க வந்து காத்தைப் படிச்சா அந்தக் காத்து என்ன செஞ்சுதுன்னு தெரியும்னுதான் வந்தேன்.”

“இப்ப எதுக்கு? இருபத்திரெண்டு வருஷம் பொறுத்தீங்களே?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார்.

“மரியதாஸ் மவ. லீமா ரோஸ். அவன் சாவும்போது ஆறு மாசக் குழந்தை. ஒரே ஒரு வாட்டி தூக்கியிருக்கான். வாற திங்கக்கிழமை இல்ல, அடுத்த திங்கக்கிழமை கல்யாணம்.”

“நல்ல காரியம்தானே?”

“கோயிலுக்குள்ள பொண்ணைத் தகப்பன் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமாம். அதுக்கு நான் வரணும்னு புஷ்பராணி எழுதியிருக்கு. மரியதாஸ் பெண்சாதி. ‘அண்ணனை விட்டா அவருக்கு யார் இருக்கா’ன்னு எழுதியிருக்கு.”

பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அந்தப் பிள்ளை கையை நான் எந்தக் கையால பிடிப்பேன்? சொல்லுங்க டீச்சர். கையில தப்பா, கண்ணுல தப்பா, காத்துல தப்பா? எதுன்னு தெரிஞ்சா போதும். என் தப்புன்னா வரமாட்டேன்னு சொல்லிருவேன்.”

டீச்சர் கையை நீட்டினார்.

“அட்டையைக் கொடுங்க.”

“எந்த அட்டை?”

“அன்னைக்குக் கணக்குப் போட்ட அட்டை. உங்ககிட்டத்தான் இருக்கும்.”

இருந்தது. மருந்துக்கடை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மார்புப் பைக்குள் இருந்தது. டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து, உள் அட்டையை மெல்ல இழுத்தார். இன்னும் வழுக்கி ஓடியது. உயரத்தைக் குறிக்கும் எண்களுக்கு நடுவே, ஓரிடத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

“இது என்னது?”

தாணுலிங்கத்தின் முகம் முதல் தடவையாக லேசாக இளகியது.

“நகப்பூச்சு. லீவு முடிஞ்சு வரும்போது பெண்சாதியோட குப்பி ஒண்ணு தவறி அவன் பெட்டிக்குள்ள வந்துட்டு. ஒரு வாரம் எல்லாரும் அவனைப் போட்டு வாட்டுவாட்டுன்னு வாட்டினோம். ‘மரியதாஸ், கையைக் காட்டு பாப்போம்’னு. கடைசியில அதை வச்சு எல்லா அட்டையிலயும் கோடு போட்டுக் கொடுத்தான்.”

“எதுக்குக் கோடு?”

“ஆள் உயரம், டீச்சர். அஞ்சரை அடி. ஒவ்வொரு வாட்டியும் தேடிட்டுக் கெடக்க முடியாதில்லா? புள்ளியை நேராக் கோட்டுக்குக் கொண்டுவந்தா தூரம் வந்துரும்.”

டீச்சர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஆள்?” என்றார்.

“என்னது?”

“எந்த ஆள் உயரம்?”

“ஆள்னா ஆள்தான்.”

“எந்த ஆள், அண்ணாச்சி?”

தாணுலிங்கம் எழுந்தார். அட்டையை வாங்கி உறைக்குள் போட்டார்.

“நான் பெருசா ஒரு கேள்வியோட வந்தேன். நீங்க சின்னப் பிள்ளைகளைக் கேக்க மாதிரி கேக்கீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் தாண்டுகிறவரை சுயம்பு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுட்டாரு.”

“நாளைக்கு வருவாரு,” என்றார் டீச்சர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் முந்தி வந்து நின்றார் தாணுலிங்கம். தூங்கவில்லை என்று கண் சொன்னது.

“நானே போட்டுப் பாத்தேன். அஞ்சரை அடி, ரெண்டு புள்ளி. எண்ணூத்தி நாப்பது வருது. அஞ்சே கால் வச்சுப் பாத்தேன், அஞ்சே முக்கால் வச்சும் பாத்தேன். தூரம் கொஞ்சம் முன்னப் பின்ன வருது. இருந்தாலும் எங்கயாவது பட்டிருக்கணும். உங்க கேள்வியில ஒண்ணுமில்ல.”

“செரி. வேற ஒண்ணு கேக்கேன். குண்டு போனப்ப அவன் என்ன செஞ்சான்?”

“நின்னான்.”

“ஓடலையா?”

“உடனே ஓடல.” தாணுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். “மேல பாத்தான்.”

“எப்படி?”

“தலைக்கு மேல பறவை போனா பாப்போமே, அப்படி. அண்ணாந்து பாத்தான். பிறகு கம்பளியைக் கூட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடினான்.”

டீச்சர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“மரியதாஸ்?”

“அவன் என்ன?”

“சுட்ட பிறகு குண்டு எங்க போச்சுன்னு கூட இருக்கவர் சொல்லணுமே. ரெண்டாம் குண்டுக்குத் திருத்தம் சொல்லணுமே.”

“சொல்லல.” அவருடைய குரல் சின்னதாகிவிட்டது. “பெரிய தொலைநோக்கி அவன்கிட்டதான் இருக்கும். கண்ணை வச்சுப் பாத்தான். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். நான் அடுத்த குண்டைத் தள்ளிட்டு, ‘எவ்வளவுலே? எவ்வளவுலே?’ன்னு கேக்கேன். ‘விடுலே, போகட்டும்’னான். தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டுட்டான்.”

“பிறகு அதைப் பத்திப் பேசினாரா?”

“பேசல. மூணு நாளும் ஒரு வார்த்தை பேசல. எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். என் சாக்ஸைத் துவைச்சுப் போட்டான். எனக்காக அவன் வெக்கப்பட்டான், டீச்சர். நான் தப்பவிட்டுட்டேன்னு.”

டீச்சர் ஒரு தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“அந்த உருவத்தை வரையுங்க. நீங்க பாத்தபடி.”

“எனக்கு வரைய வராது.”

“கண்ணுல இருக்கில்லா? அது போதும்.”

அவர் வரைந்தார். ஒரு மணிபோல, மேலே குறுகிக் கீழே அகன்ற வடிவம். முகமில்லை. காலில்லை. கம்பளி மட்டும். மலையில் எல்லோரும் அப்படித்தான் போர்த்திக்கொள்வார்கள் என்றார்.

“சனிக்கிழமை விடியும்போது வாங்க. காத்து எழும்பும் முன்ன.”

“நான் காத்தைப் படிக்கத்தான் வந்தேன்.”

“காத்து இல்லாதப்ப வாங்க.”

அந்த வாரம் புஷ்பராணி இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டாள். தாணுலிங்கம் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

“அண்ணே, சட்டை அளவு சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் ஒரே நிறத்துல எடுக்காங்க.”

“நான் சனிக்கிழமை சொல்லுகேன்மா.”

“சட்டை அளவு சொல்லக்கூடவா சனிக்கிழமை வரணும்?” என்று அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு அவருக்குக் கல்லெறிபோல வந்து விழுந்தது.

சனிக்கிழமை. காற்றாலைகள் நின்றிருந்தன.

பொட்டலின் மறுகோடியில், பாறை மஞ்சளாகத் தெரியும் இடத்தில், கறுப்பாக இரண்டு உருவங்கள் நின்றன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரும்புத் தகட்டில் வெட்டியவை. தாணுலிங்கம் வரைந்த அதே மணி வடிவம்.

“வெல்டிங் பட்டறைக்காரன் என்னைக் கேட்டான், ‘டாக்டரே, பல்லா இது’ன்னு,” என்றார் சுயம்பு. “ராட்சசனுக்குக் கட்டுகேன்னு சொன்னேன்.”

நடுவில் பெரிய பள்ளம் கிடந்ததால் எது கிட்ட, எது எட்ட என்று வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தாணுலிங்கம் படுத்தார். முழங்கை மண்ணில் பதிந்தது. ஐம்பத்தெட்டு வயது உடம்பு மெல்ல மெல்ல முப்பத்தாறு வயதுக்குப் போனது.

“இடது உருவம் எத்தனை புள்ளி?” என்றார் டீச்சர்.

“ரெண்டு.”

“வலது?”

அவர் மறுபடியும் எண்ணினார்.

“ரெண்டு. அதே ரெண்டு.”

“கணக்குப் போடுங்க. உங்க அட்டையில.”

அவர் மரியதாஸின் அட்டையை எடுத்தார். புள்ளியைச் சிவப்புக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்தார்.

“எண்ணூத்தி நாப்பது. ரெண்டும்.”

“சுடுங்க. இடது முதல்ல.”

திருகில் சொடுக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூச்சு பாதியில் நின்றது. துப்பாக்கி உதைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ணங்.

கோயில் மணி தொலைவில் அடித்தது போல வந்து சேர்ந்தது சத்தம்.

“நெஞ்சுல!” என்று தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார் சுயம்பு. “அண்ணாச்சி, கையும் சரி, கண்ணும் சரி. எங்கிட்ட வர வேண்டாம், பல்லும் சரியாத்தான் இருக்கும்.”

“வலது,” என்றார் டீச்சர்.

அதே சொடுக்கு. அதே மூச்சு. துப்பாக்கி உதைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

ஒன்றும் வரவில்லை.

பின்னாலிருந்த பாறையில், உயரத்தில், புழுதி கிளம்பி மெதுவாகக் கலைந்தது.

தாணுலிங்கம் அசையவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய அமைதி அவர் காதுக்குள் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

“எவ்வளவு?” என்றார்.

“மேல போயிட்டு,” என்றார் சுயம்பு. இப்போது கத்தவில்லை. “நல்லா மேல. தலைக்கு ஒண்ணரை மீட்டர் மேல போயிருக்கும்.”

“காத்து இல்லையே.”

“இல்லை,” என்றார் டீச்சர்.

“கணக்கு சரிதானே?”

“சரி.”

“பிறகு?”

“துப்பாக்கியைத் திறந்து கீழ வைங்க. டாக்டர் பக்கத்துல இருக்கட்டும். நாம நடப்போம்.”

“எங்க?”

“வலது உருவம் நிக்க இடத்துக்கு. உங்க எட்டை எண்ணிக்கிட்டே வாங்க.”

அவர் எண்ணினார். அவர் எடுத்து வைக்கும் ஓர் எட்டு, முக்கால் மீட்டர். பட்டாளத்தில் பழகியது, மாறாது. எண்ணூற்று நாற்பது மீட்டர் என்றால் ஆயிரத்து நூற்றிருபது எட்டு. பள்ளத்தில் இறங்கும்போதும் எண்ணினார், ஏறும்போதும் எண்ணினார். டீச்சர் ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். முட்செடி ஒன்று புடவையைப் பிடித்தது. நின்று எடுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தார்.

எழுநூறு. எழுநூற்றைம்பது. எண்ணூறு.

எண்ணூற்றுப் பதின்மூன்றாம் எட்டில் தாணுலிங்கம் நின்றார். முன்னால் போக இடமில்லை.

அந்த இரும்பு உருவம் அவர் மார்புக்குக் கீழேயே முடிந்துவிட்டது.

அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். முதல் உருவம் இன்னும் வெகுதூரத்தில், எண்ணூற்று நாற்பதில், அதன் இடத்தில் நின்றது. மறுபடியும் முன்னால் நின்றதைப் பார்த்தார்.

“அறுநூத்திப் பத்து மீட்டர்தான் இருக்கு,” என்றார். அதன் பக்கத்தில் ஒட்டி நின்றார்.

“இது நாலடிதான் இருக்கு.”

தாணுலிங்கம் இரும்பின் உச்சியில் உள்ளங்கையை வைத்தார். வெயில் ஏறாத இரும்பு குளிர்ந்திருந்தது. வைத்த கையை எடுக்க மறந்துபோனார். அது சின்னத் தலை ஒன்றின் மேல் வைத்த கையைப் போலவே இருந்தது.

“நாலடி,” என்றார் மறுபடியும்.

பிறகு மண்டியிட்டார். முழங்கால் கல்லில் பட்டது அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவர் தலையும் அந்த உருவத்தின் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. அங்கிருந்து, துப்பாக்கி கிடக்கும் திசையைப் பார்த்தார். பிறகு, குண்டு போயிருக்கக்கூடிய வழியில், அண்ணாந்து மேலே பார்த்தார்.

அங்கே ஆகாயம் மட்டும்தான் இருந்தது.

வெகுநேரம் அப்படியே இருந்தார். டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். புட்டியின் மூடியைத் திறந்து வைத்தார். கொடுக்கவில்லை.

“மரியதாஸ் பாத்துட்டான்,” என்றார் தாணுலிங்கம்.

“ம்.”

“கணக்குப் போடும்போது அவன் கண்ணு அட்டையில இருந்துது. சுட்ட பிறகுதான் பெரிய தொலைநோக்கியில கண்ணை வச்சான். அது மூஞ்சியை நிமித்தி மேல பாத்துதே, அப்ப பாத்திருக்கான். அதான் மூடியைப் போட்டுட்டான்.”

“ம்.”

“மூணு நாள், டீச்சர். பக்கத்துலதான் படுத்திருந்தான். எங்கிட்ட சொல்லல.” அவர் அட்டை இருந்த பையைத் தொட்டார். “என் சாக்ஸைத் துவைச்சுப் போட்டான்.”

டீச்சர் புட்டியை அவர் கையில் வைத்தார். அவர் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது.

“ஒருவேளை,” என்று தொடங்கி நிறுத்தினார். பட்டாளத்துக்காரர், எல்லாப் பக்கமும் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். “ஒருவேளை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அதைக் கேட்டு யாராவது வந்து மரியதாஸைச் சுட்டிருந்தா?”

“இருக்கலாம்.”

“இல்லாமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“உங்களுக்கும் தெரியாது.”

“எனக்கும் தெரியாது, அண்ணாச்சி.”

அவர் தலையை ஆட்டினார். மரியதாஸின் அட்டையை எடுத்து, சிவப்புக் கோட்டைப் பெருவிரலால் தடவினார். அழிக்கவில்லை. தடவினார், அவ்வளவுதான்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். போய்ச் சொன்னா ஆள் வரும்னு அவனுக்குத் தெரியாதா? என்னைவிட அறிவாளி. எல்லாம் தெரிஞ்சுதான் மூடியைப் போட்டான்.”

கணவாயில் காற்று எழும்பத் தொடங்கியது. முதல் காற்றாலை, தூக்கத்திலிருந்து எழுகிறவர்போல, ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மறுபடியும் சுற்றியது.

“நாளைக்கு வகுப்பு உண்டு,” என்றார் டீச்சர். “காத்துப் பாடம். நீங்க கேட்டதுதான்.”

“நாளைக்கு வர முடியாது.”

“ஏன்?”

“இன்னைக்கே குளச்சல் போகணும். சட்டை அளவு சொல்லணும். இனிமே தைக்க நேரம் இருக்காது, அளவு பாத்துக் கடையில ரெடிமேடாத்தான் எடுக்கணும். கோயில்ல எந்தப் பக்கம் நிக்கணும், எப்ப நடக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. யாராவது சொல்லித் தரணும்.”

“லீமா சொல்லித் தருவா.”

“ஆமா. அவ சொல்லித் தருவா.”

இருவரும் எழுந்தார்கள். டீச்சர் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நடக்கத் திரும்பினார். தாணுலிங்கம் வரவில்லை. இரும்பின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“டீச்சர், நாலடின்னா எத்தனை வயசு இருக்கும்?”

“ஏழு, எட்டு. எங்க பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் பிள்ளைங்க அவ்வளவுதான் இருக்கும்.”

அவர் உதட்டுக்குள் கூட்டினார். இந்தக் கணக்குக்கு அட்டை வேண்டியிருக்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு இப்ப முப்பது வயசு,” என்றார்.

சொன்ன பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று திறந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“இப்ப என்ன உயரம் இருக்கும், அண்ணாச்சி?”

தாணுலிங்கம் கையைத் தன் தோளுக்கு உயர்த்திக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டி, நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினார். அதுவும் போதாமல், குதிகாலை எக்கி, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.